கரும்புத் தோட்டங்களிடையே ஒரு பெருங்குடும்பம்

குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்தைத் தரிசிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆவல். 1531ஆம் ஆண்டில் தெப்பேயாக் குன்றின்மீது ஹுவான் தியேகோ என்னும் எளிய பூர்வகுடி மனிதருக்குக் காட்சியளித்த அன்னையை, அதே குன்றின் அடிவாரத்தில் முழந்தாளிட்டு வணங்கி மகிழ்ந்தோம். ஊர் திரும்ப இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. "பிரமிடுகளைப் பார்க்கிறீர்களா, கடற்கரைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டார் எங்களுக்கு வழித்துணையாக வந்த மெக்சிகோ நாட்டுக் குருவானவர். "ஆதரவற்ற பிள்ளைகளைத் திருச்சபை எவ்வாறு பேணுகிறது என்று பார்க்க விரும்புகிறோம்" என்றோம்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் மொரேலோஸ் மாநிலத்திற்குப் போவோம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே போய் 'அநாதை இல்லம்' என்ற சொல்லை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

அவர் அவ்வாறு எச்சரித்ததன் காரணம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

மலையைக் கடந்து

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை முதலில் இன்னும் மேலே ஏறுகிறது. பைன் மரக் காடுகளினூடே 3,000 மீட்டர் உயரம் வரை சென்று, பின்னர் வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. மலையுச்சியில் கம்பளியைப் போர்த்திக்கொண்ட நாங்கள் ஒரு மணி நேரத்தில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். கிழக்கே தொலைவில் பனி மூடிய போப்போகாதெபெத்தல் எரிமலை சிறு புகையுடன் தெரிந்தது. ஏறக்குறைய 85 கிலோமீட்டர் பயணத்திற்குப் பின் குவெர்னவாகா நகரை அடைந்தோம். என்றும் வசந்தம் நிலவும் நகர் என்று அதற்கு ஒரு பெயருண்டு. மதில்களின்மேல் காகிதப்பூக்கள் அடர்ந்து தொங்கிய காட்சி அப்பெயருக்குச் சான்று கூறியது.

பேராலயத்தில் செபித்துவிட்டுப் போகலாம் என்றார் குருவானவர். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் கோட்டைபோல் எழுப்பிய ஆலயம் அது. அதன் உட்சுவர்களில் ஒரு பழைய ஓவியத் தொடர் உள்ளது. 1597ஆம் ஆண்டு சப்பானின் நாகசாகியில் சிலுவையில் அறையுண்ட 26 வேதசாட்சிகளின் வரலாறு அது. அவர்களுள் மெக்சிகோ நகரில் பிறந்த புனித பெலிப்பே தே ஹெசுஸ் ஒருவர். நம் நாட்டில், மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா மற்றொருவர். இருவரும் 1862ஆம் ஆண்டு ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டவர்கள். உலகின் மறுகோடியில், மொழி தெரியாத ஓர் ஊரின் கோவிற்சுவர் நம் நாட்டுப் புனிதரின் கதையைச் சொல்லக் கண்டபோது எங்கள் உள்ளம் சிலிர்த்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 19 அன்று மொரேலோஸ் மாநிலத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் இவ்வாலயமும் பெரும் சேதம் அடைந்ததாம்.

உண்டியலில் கைவைத்த சிறுவன்

இதே நகரின் சந்தைப் பகுதியில் தெப்பெத்தாத்தெஸ் என்ற சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. எங்கள் கதை தொடங்குவது அங்கேதான்.

வில்லியம் வாசன் என்பவர் 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிறந்தவர். பெயர் நம் ஊர்ப் பெயர்போல் ஒலித்தாலும் அவர் அமெரிக்கரே. குருவாக வேண்டும் என்று படித்தார். உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி, குருப்பட்டம் அளிக்க இயலாது என்று சொல்லிவிட்டார்கள். மனமுடைந்த அவர் மெக்சிகோவிற்கு வந்தார். 1952ஆம் ஆண்டு குவெர்னவாகாவின் ஆயராகப் பொறுப்பேற்ற செர்ஹியோ மெந்தெஸ் ஆர்செயோ ஆண்டகை அவரை ஏற்றுக் குருப்பட்டம் அளித்து, சந்தையோரத்துச் சிற்றாலயத்தை அவர் பொறுப்பில் விட்டார். ஓரிடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர் வேறோரிடத்தில் வரவேற்கப்பட்டார். பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1954ஆம் ஆண்டு. ஏழைகளுக்கென வைத்திருந்த உண்டியலை யாரோ உடைத்துக் காசைத் திருடிவிட்டார்கள். காவலர் திருடனைப் பிடித்தனர். வாசன் அடிகளார் சென்று பார்த்தபோது, அங்கே நின்றவன் வீடு வாசலற்ற ஒரு சிறுவன். பசியால் எடுத்தேன் என்றான். ஏழைகளுக்காக வைத்த பணத்தை ஓர் ஏழை எடுத்திருக்கிறான். இதில் வழக்குத் தொடுக்க என்ன இருக்கிறது என்று அடிகளார் எண்ணினார். பையனைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு நீதிபதியைக் கேட்டார். நீதிபதியும் இசைந்தார். அதோடு நிற்கவில்லை. ஒரு வாரத்திற்குள் இன்னும் எட்டுச் சிறுவர்களை அனுப்பிவைத்தார்! அவ்வாண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை 32 ஆயிற்று.

மெக்சிகோவில் அக்காலம் திருச்சபைக்கு எளிதானதன்று என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1917ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் திருச்சபைக்குச் சொத்துரிமையை மறுத்திருந்தது. குருக்கள் பொது இடங்களில் அங்கி அணியவும் தடை இருந்தது. 1926 முதல் 1929 வரை அந்நாட்டுக் கத்தோலிக்கர் சிந்திய இரத்தம் வரலாறு. 1992ஆம் ஆண்டில்தான் திருச்சபைக்குச் சட்டப்படியான அங்கீகாரம் கிடைத்தது. சட்டத்தின் பார்வையில் மறைந்து நிற்க வேண்டிய நிலையிலேயே, அயல்நாட்டிலிருந்து வந்த ஓர் இளங்குரு இப்பணியைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'நுவெஸ்த்ரோஸ் பெக்கேஞோஸ் எர்மானோஸ்'. 'நம் சின்னஞ்சிறு சகோதரர்கள்' என்று பொருள். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு அப்பெயர் எதை நினைவூட்டும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இனிப்பும் கண்ணீரும் விளைந்த மண்

குவெர்னவாகாவிலிருந்து தென்மேற்கே இன்னும் 40 கிலோமீட்டர் அளவு சென்றால் மியாகத்லான் என்ற சிற்றூர் வருகிறது. அம்பு செய்யும் நாணல் வளரும் இடம் என்று பூர்வகுடி மொழியில் பொருள் சொல்கிறார்கள். நாங்கள் சென்றது நவம்பர் மாதத் தொடக்கம். சாலையின் இருமருங்கிலும் கரும்பு பூத்து வெண்மயிலின் தோகைபோல் காற்றில் அசைந்தது. தஞ்சைத் தரணியில் செல்வதாகவே எங்களுக்குத் தோன்றியது.

இக்கரும்பு அம்மண்ணுக்குரியதன்று. ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் காலத்தில் வந்தது. அதன் பின் நானூறு ஆண்டுகள் மொரேலோஸ் கரும்பு நிலமாகவே இருந்தது. 'அசியெந்தா' எனப்படும் பெரும்பண்ணைகள் ஆலையும் மாளிகையும் கோவிலுமாக எழுந்தன. உழவர்களின் நிலமும் நீரும் சிறிது சிறிதாக அவற்றின் வசமாயின. 1879ஆம் ஆண்டு இதே மாநிலத்தின் அனெனெகுயில்கோ சிற்றூரில் பிறந்த எமிலியானோ சபாத்தா, பறிபோன நிலத்தை மீட்கவே உழவர்களைத் திரட்டினார். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று சினாமேக்கா என்னும் பண்ணையின் வாசலில் வஞ்சகமாகச் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நாங்கள் தேடி வந்த இல்லமும் அத்தகைய பழம்பண்ணை ஒன்றில்தான் இருக்கிறது. தடித்த கற்சுவர்கள், உயர்ந்த வளைவுகள், அகன்ற முற்றம். ஒரு காலத்தில் இவ்வாயிலில் தலைகுனிந்து கூலிக்காக நின்றவர்கள் உண்டு. அவர்களைப் போன்ற ஏழைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அதே முற்றத்தில் பந்து விளையாடுகிறார்கள். 'வலியோரை அரியணையினின்று இறக்குபவர்' என்று அன்னை மரியாள் பாடியதன் உட்பொருள் எங்களுக்கு அங்கே சற்று விளங்கியது.

நாங்கள் செய்த தவறு

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வெறுங்கையோடு போகலாகாது என்று வழியில் ஒரு பெட்டி நிறைய இனிப்புப் பொட்டலங்கள் வாங்கியிருந்தோம். முற்றத்தில் இறங்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். எங்களில் ஒருவர் பெட்டியைத் திறந்து விநியோகிக்கவும், மற்றொருவர் புகைப்படக் கருவியை எடுக்கவும் முனைந்தார். அப்போது நடுத்தர வயதுடைய பெண்மணி ஒருவர் புன்னகையோடு வந்து பெட்டியை மூடினார்.

பிள்ளைகள் அவரைத் 'தியா' என்று அழைத்தார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஸ்பானிய மொழியில் அந்த ஒரு சொல்தான். அவர் சொன்னதைக் குருவானவர் எங்களுக்கு மொழிபெயர்த்தார்:

"தவறாக எண்ணாதீர்கள். இது பொதுக் களஞ்சியத்திற்குப் போகும். நாளை உணவிற்குப் பின் எல்லோருக்கும் கிடைக்கும். வருகிறவர்கள் எல்லோரும் கையில் இனிப்போடு வருகிறார்கள், தூக்கிக் கொஞ்சுகிறார்கள், மாலையில் போய்விடுகிறார்கள். இந்தப் பிள்ளைகள் தம் வயதிற்கு மீறிப் பிரிவுகளைப் பார்த்துவிட்டார்கள். இன்னொரு பிரிவை இனிப்பில் சுற்றிக் கொடுக்க வேண்டாமே!"

எங்களுக்கு நாணமாயிற்று. பிறந்தநாளன்றோ, கிறிஸ்து பிறப்பு விழாவன்றோ இல்லப் பிள்ளைகளுக்கு ஒருவேளை விருந்தளித்து, வரிசையாக நிற்கவைத்துப் படமெடுத்துத் திரும்பிய நாட்கள் எங்கள் நினைவிற்கு வந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரையேனும் நாம் நினைவில் வைத்திருக்கிறோமா?

எங்களைச் சும்மா உட்காரவும் விடவில்லை. சமையற்கட்டில் வேலை கொடுத்தார்கள். அங்கே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் நீக்கி அரைத்து, அடைபோல் தட்டிச் சுடுகிறார்கள். 'தோர்த்தியா' எனப்படும் அதுவே அந்நாட்டின் அன்றாட உணவு. வளர்ந்த பிள்ளைகள் சுட்டுப்போட, சிறியவர்கள் துணியில் மூடி மேசைகளுக்குக் கொண்டு சென்றார்கள். அவித்த பீன்சும் மிளகாய்த் துவையலும் தொட்டுக்கொள்ள இருந்தன. மிளகாயும் தக்காளியும் நமக்குக் கிடைத்ததே அந்நாட்டுப் பகுதியிலிருந்துதானே! எனவே உணவு எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

வாசன் அடிகளார் தம் இல்லத்திற்கு வகுத்த அடிப்படைகள் எளியவை. முதலாவது, அன்பும் பாதுகாப்பும்: "நீ இனி எங்கும் அனுப்பப்படமாட்டாய்" என்ற உறுதி பிள்ளைக்கு வேண்டும். இரண்டாவது, பகிர்தல். மூன்றாவது, உழைப்பு. நான்காவது, பொறுப்பு. பெற்றுக்கொண்டே இருப்பவன் பிச்சைக்காரனாகிறான். கொடுக்கக் கற்றவனே மகனாகிறான் என்பது அதன் கருத்து. ஆதலால் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் காலத்தில் ஒரு பகுதியைத் தம் இளையோருக்குப் பணிபுரியத் தருகிறார்கள். நல்ல உள்ளம் கொண்டவர்கள் கேட்டாலும் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதில்லை என்பதையும் அவர் நெறியாகக் கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு குடும்பத்தில் இருப்பவனை யார் தத்தெடுப்பது என்பது அவர் வாதம்.

எரிக் ஃப்ரோம் என்ற உலகறிந்த உளவியல் அறிஞர் அந்நாட்களில் குவெர்னவாகாவில் வசித்து வந்தார். அவர் சமயப் பற்றாளர் அல்லர். எனினும் மைக்கேல் மக்கோபியுடன் சேர்ந்து 1970ஆம் ஆண்டு வெளியிட்ட மெக்சிகோ கிராம ஆய்வு நூலில் இவ்வில்லத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்.

பட்டை மணக்கும் காப்பி

மறுநாள் நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். நாம் கல்லறைத் திருநாள் என்போம். மெக்சிகோ மக்கள் அதை வீட்டிலும் கொண்டாடுகிறார்கள். ஒரு மேசையை அலங்கரித்து, சிலுவையும் மெழுகுதிரிகளும் ஏற்றி, மறைந்தவர்களின் படங்களை வைத்து, அவர்கள் விரும்பிய உணவுகளைப் படைக்கிறார்கள். மேசையிலிருந்து வாசல் வரை செண்டுமல்லி இதழ்களைத் தூவுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் குவியும் அந்தச் செண்டுமல்லியின் பிறப்பிடமும் மெக்சிகோதான்.

திருப்பலிக்குப் பின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மேசையருகே வந்தார்கள். சிலரிடம் தந்தையின் படம் இருந்தது. சிலரிடம் பாட்டியின் படம். எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் வெறுங்கையோடு நின்றான். அவன் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. அவன் தாய் இறந்தபோது அவன் கைக்குழந்தை. படம் ஒன்றும் இல்லை. முகமும் நினைவில்லை. அவன் மேசையைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். எங்களில் தாய்மாராயிருந்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டோம்.

அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுள்ள ஒரு சிறுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அவனுடைய அக்காள். கையில் ஒரு மண்குவளை. அதில் ஆவி பறக்கும் காப்பி. கருப்பட்டி போன்ற கருப்பஞ்சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் இட்டு மண்பானையில் காய்ச்சும் காப்பி அது. குவளையைத் தம்பியின் கையில் கொடுத்து, காதில் ஏதோ சொன்னாள். அவன் இரு கைகளாலும் ஏந்திச் சென்று, சிந்தாமல் மேசைமேல் வைத்தான். பிறகு குனிந்து அதை முகர்ந்து பார்த்தான்.

"அவள் என்ன சொன்னாள்?" என்று குருவானவரைக் கேட்டோம்.

"'அம்மாவின் மேல் இந்த வாசனைதான் இருக்கும்' என்றாள்."

நாங்கள் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

உடன்பிறந்தோரைப் பிரிப்பதில்லை என்பது இவ்வில்லத்தின் தொடக்கக்கால நெறிகளுள் ஒன்று. தம்பி ஓரிடமும் தமக்கை வேறிடமுமாக அனுப்பிவிட்டால் இருவருக்கும் சோறு கிடைக்கலாம், துணி கிடைக்கலாம், படிப்பும் கிடைக்கலாம். ஆனால் அந்தக் காப்பியின் மணம் தம்பிக்குக் கிடைத்திராது. பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் பெற்றோரின் எஞ்சிய உருவம் உடன்பிறந்தோரே. 2009ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும், உடன்பிறந்தோரைக் கூடுமானவரை பிரிக்கலாகாது என்றே கூறுகின்றன. உலக நாடுகள் கூடி எழுதியதை அதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஒரு குருவின் உள்ளம் உணர்ந்திருந்தது.

இல்லம் எப்போது வீடாகிறது?

இல்லங்கள் எல்லாம் இப்படியே இருக்கின்றன என்று நாம் எழுதினால் அது உண்மைக்கு மாறாகும். 2014ஆம் ஆண்டு சூலை மாதம் அதே மெக்சிகோவில், சமோரா நகரின் ஓர் இல்லத்தில் காவலர் நுழைந்தபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இழிந்த நிலையில் அடைபட்டிருக்கக் கண்டு நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த குழந்தைகள் உரிமைச் சட்டம், வறுமை ஒன்றையே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று விதித்தது. இல்லங்களையும் அரசின் கண்காணிப்பிற்குள் கொண்டுவந்தது. உறவினர் பேணக்கூடுமானால் பிள்ளை அவர்களிடமே திரும்பிச் செல்ல வேண்டும் என்ற எண்ணமும் வலுப்பெற்றுள்ளது.

இதைப் பற்றித் தியாவிடம் கேட்டோம். "ஒரு பிள்ளை தன் பாட்டி வீட்டிற்குப் பாதுகாப்பாகத் திரும்ப முடிந்தால் அன்று இரவு நான் அழுவேன், ஆனால் மறுநாள் காலையில் கடவுளுக்கு நன்றி சொல்வேன். பிள்ளைகளை நிறைத்து வைப்பதற்கா இந்த வீடு? போக இடமில்லாதவர்களுக்குத்தான் இந்த வீடு" என்றார். நல்ல இல்லத்திற்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நாங்கள் கேட்டதில்லை.

வாசன் அடிகளார் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 அன்று இறைவனடி சேர்ந்தார். ஒரு திருட்டு வழக்கில் தொடங்கிய குடும்பம் அவர் காலத்திலேயே ஹோண்டுராஸ், ஹெயிட்டி, குவாத்தமாலா முதலிய நாடுகளிலும் கிளை பரப்பி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆளாக்கியது.

விடைபெறும் நேரம் வந்தது. பிள்ளைகள் வாசல் வரை வந்தார்கள். இம்முறை எங்கள் கையில் இனிப்பு இல்லை. புகைப்படக் கருவியும் பைக்குள் இருந்தது. காப்பி படைத்த சிறுவன் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, தன் நாவிற்கு வந்தவாறு திருப்பிச் சொல்லிச் சிரித்தான். நாங்களும் அவன் பெயரைக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டோம். வண்டி கரும்புத் தோட்டங்களினூடே திரும்பியபோது, "இப்போது தெரிகிறதா, ஏன் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்றேன் என்று?" என்றார் குருவானவர். அக்காளும் தம்பியும் சேர்ந்து வாழும் இடத்தை அநாதை இல்லம் என்று எவ்வாறு அழைப்பது?

அன்பார்ந்த வாசகர்களே! மெக்சிகோ தொலைவில் இருக்கிறது. நம் பங்கிலோ, அடுத்த தெருவிலோ கணவனை இழந்த ஒரு தாய், "பிள்ளைகளை எங்காவது சேர்த்துவிடலாமா?" என்று இவ்விரவு கலங்கிக்கொண்டிருக்கலாம். அப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் மாத அரிசியையும் நம் அன்பியக் குடும்பங்கள் சில சேர்ந்து ஏற்றால், ஓர் இல்லத்தின் கதவை அவள் தட்ட வேண்டியிராது. தட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், உடன்பிறந்தோரை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் இடமா என்று அவளுக்காக நாம் கேட்டறியலாம். இல்லத்திற்குச் செல்ல விரும்புவோர் ஆண்டிற்கு ஒருமுறை விருந்தோடு செல்வதைவிட, மாதம் ஒருமுறை வெறுங்கையோடேனும் சென்று, ஒரு பிள்ளையின் பெயரைக் கற்றுத் திரும்பலாம்.

வரும் கல்லறைத் திருநாளில் நம் முன்னோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, எந்தக் கல்லறைக்குச் செல்வதென்றும் அறியாத பிள்ளைகளுக்காக இன்னொரு திரியும் ஏற்றுவோம். நாங்கள் ஏற்றவிருக்கும் திரிக்கு ஒரு சிறுவனின் பெயர் உண்டு.